பித்தும் பிராந்தும்

பாலக்காட்டு மாவட்டத்துப் பட்டாம்பி வட்டத்தில் இராயிரநெல்லூர் மலை உள்ளது. ஆண்டுதோறும் துலாம் மாதத்தின் முதல் நாள், அதாவது நம் ஐப்பசி முதல் நாள், மக்கள் திரள்திரளாக அம்மலை ஏறுகின்றனர். நாராணத்துப் பிராந்தனுக்குத் தேவி காட்சி தந்த நாள் அது என்பது நம்பிக்கை. 'பிராந்தன்' என்றால் பித்தன். மலையாள நாடு ஒரு பித்தனுக்குக் குன்றின்மேல் சிலை எடுத்து வணங்குகிறது. அதே நாட்டில் அதே சொல் தெருவில் வசையாகவும் திரிகிறது. ஒரு சொல்லுக்கு இவ்விரு வாழ்வும் எங்ஙனம் வாய்த்தன என்பதைச் சிறிது நோக்குவோம்.

வரருசிக்குப் பிறந்த பன்னிரு மக்களுள் ஒருவர் நாராணத்துப் பிராந்தன் என்பது மரபு. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிஹ்யமாலை' இக்கதைகளை அச்சேற்றி நிலைபெறச் செய்தது. பெருங்கல்லை அரும்பாடுபட்டு மலையுச்சிக்கு உருட்டிச் செல்வார். அங்கிருந்து கீழே விடுத்துக் கைகொட்டிச் சிரிப்பார். கிரேக்கர் கதையிலும் கல்லுருட்டும் சிசிபஸ் என்பவன் உண்டு. ஆனால் அவனுக்கு அது தண்டனை; நம் பிராந்தனுக்கோ விளையாட்டு. ஏறுவது அரிது, வீழ்வது எளிது என்னும் உண்மையை அச்சிரிப்பில் மக்கள் கண்டனர்.

இனிச் சொற்களுக்கு வருவோம். பிராந்து என்பது சுழலுதல், அலைதல் என்னும் பொருளுடைய வடசொல் வழியே வந்தது. நம் 'கிறுக்கு' என்னும் சொல்லுக்கும் தலைச்சுற்றல் என்னும் பொருள் உண்டு. பித்து, பைத்தியம் ஆகியவை பித்தத்தின் தொடர்புடையவை. வாதம், பித்தம், ஐயம் மூன்றும் சமன் குலைந்தால் நோய் என்பது நம் மருத்துவ நூற்கொள்கை. கிரேக்க மருத்துவரும் மனச்சோர்வைக் 'கரும்பித்தம்' என்றே பெயரிட்டு 'மெலங்கோலியா' என்றனர். ஆக, இச்சொற்கள் வசையாகப் பிறந்தவை அல்ல. உடல்நிலையைக் குறிக்கப் பிறந்தவை.

பக்தி இலக்கியம் அச்சொல்லை உயர்த்தியது. திருமணப் பந்தலில் ஓலை காட்டி வழக்காடிய முதியவரைச் சுந்தரர் பித்தனென்று ஏசினார். பின்னர் அவ்வசையையே முதற்சொல்லாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தான் என்கிறது பெரியபுராணம். சேரநாட்டை ஆண்ட குலசேகராழ்வார், பெருமாள் திருமொழியின் மூன்றாம் பதிகத்தில், உலகத்தார் கண்ணுக்குத் தாம் பேயன் என்று தம்மையே கூறிக்கொள்கிறார். தெய்வம் தரும் பித்து உண்டெனக் கிரேக்க அறிஞர் பிளேட்டோவும் எழுதினார். மறுபுறம் 'வெறி'யின் கதை வேறு. சங்ககாலத்தில் வேலன் முருகனுக்கு ஆடிய ஆட்டம் வெறியாட்டு. இன்றோ சாதிவெறி, பணவெறி என்று தாழ்ந்து கிடக்கிறது அச்சொல்.

ஆங்கிலத்தின் 'மேனியா'வும் கிரேக்கச் சொல்லே. 1809-இல் டிப்டின் என்பவர் நூல் சேர்க்கும் ஆசையைப் 'பிப்ளியோமேனியா' என்று ஒரு நூலுக்கே பெயராக்கினார். 1963-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர்மீது இளைஞர் கொண்ட மயக்கம் 'பீட்டில்மேனியா' ஆயிற்று. இன்று நம் இல்லங்களில் பிள்ளைகள் 'கிரிக்கெட் மேனியா' என்பதும் அவ்வழி வந்ததே. ஆனால் 1899-இல் ஜெர்மன் மருத்துவர் கிரேப்பெலின் வகுத்த நோயிலும் அச்சொல் உண்டு. பல இரவுகள் உறக்கமின்மை, ஓயாப் பேச்சு, அளவிறந்த செலவு, பின்னொரு காலம் ஆழ்ந்த சோர்வு என்பன அதன் குறிகள். இதில் வேடிக்கை ஏதுமில்லை; துயரமே உண்டு.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே வசையாயின. கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை 1871-இலும், கோழிக்கோட்டுக் குதிரவட்டத்து மருத்துவமனை 1872-இலும் தொடங்கின. 1956 வரை பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தமையால், இரண்டும் அன்று சென்னை ஆட்சியின்கீழ் இருந்தவையே. எல்லையின் இப்புறம் கேலிக்குக் குதிரவட்டம், அப்புறம் கீழ்ப்பாக்கம். மொழி மாறினும் ஏளனம் மாறவில்லை.

சட்டம் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. 1858, 1912-ஆம் ஆண்டுச் சட்டங்கள், நிலவால் மதி திரிந்தவர் என்னும் கருத்தில் பிறந்த 'லூனடிக்' என்ற சொல்லை ஆண்டன. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 'மனநோயுற்றவர்' என்றது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைச் சங்கிலியால் பிணிப்பதையே தடை செய்தது. அத்தடையின் தேவையை உணர்த்த 2001 ஆகஸ்ட் 6 ஒன்றே போதும். அன்று ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டுண்ட மனநோயாளர் ஓட இயலாது மடிந்தனர். இறந்தோர் 28 பேர். நாராணத்துப் பிராந்தனையும் சங்கிலியால் பிணித்தனர் என்று கதை உண்டு. கதையில் வந்த பித்தனுக்குச் சிலை கிடைத்தது. ஏர்வாடியில் கிடந்தவர்களுக்கு நெருப்பே கிடைத்தது.

பிழைப்பு நாடி மலை கடந்து வந்த நம் குடும்பங்களில், மகனுக்கோ மகளுக்கோ உறக்கம் கெட்டு மனம் பேதலித்தால், மருத்துவரிடம் செல்லுமுன் பெற்றோர் அஞ்சுவது நோயை அன்று, அச்சொல்லை. "நாளை யார் பெண் கொடுப்பார், யார் பெண் எடுப்பார்" என்று மறைக்கின்றனர். மறைக்க மறைக்க நோய் முற்றுகிறது. இறைவனுக்கே பித்தன் என்று பெயரிட்டு மகிழ்ந்த மொழி நம்முடையது. நோயுற்ற அண்டை வீட்டாரைக் குறிக்கவும் ஒரு கனிந்த சொல் அதனிடம் இராமற் போகாது. அச்சொல்லை முதலில் நம் வீட்டுத் திண்ணையில் வழங்கத் தொடங்குவோமாக.