மேகத்துக்குள்ளே என்ன பல்ப் போடுவது?



சிறுவர் தினத்துக்கு வகுப்பறையை எப்படி அலங்கரிப்பது என்று எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று நாளாகப் பேச்சு. ஒரு தாய் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். உருண்டையான கடதாசிக் கூட்டின் மேல் தலையணைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, உள்ளே வெளிச்சம் வைத்து, கூரையில் தொங்கவிடுகிறார்கள். மின்விளக்கை அணைத்தால் மழை மேகம் ஒன்று அறைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளைகளை விடப் பெரியவர்களுக்குத்தான் ஆசை கூடிவிட்டது.

"ரீச்சர், வீட்டில சும்மா கிடக்கிற பழைய குண்டு பல்ப் போட்டாப் போதாதா?" என்று ஒரு வாப்பா கேட்டார். "வேண்டாம், எல்.ஈ.டி மட்டும்" என்று ஒரு வரியில் பதில் போட்டேன். ஏன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கு ஒரு வரி போதாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

கல்வியியல் கல்லூரியில் படித்த காலத்தில் பயிற்சிக்காக ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். அங்கே மேடையில் ஒரு பஞ்சு நிலா செய்தோம். உள்ளே 60 வாட் இழை பல்ப். அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை, முடி கருகுவது போல ஒரு வாசம். நாங்கள் பயிற்சி ஆசிரியர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வயதான ரீச்சர் ஒருவர்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். பஞ்சின் உட்பக்கம் தேயிலைச் சாயம் பட்டது போல பழுப்பாகியிருந்தது. கீழே முப்பது பிள்ளைகள் பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இந்த மேகத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு கடதாசிக் கூடு. கடதாசிக் கூடு நமக்குப் புதிதல்ல. வெசாக் வந்தால் வாப்பாவின் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து கூடு பார்க்கப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! மூங்கில் குச்சியில் சட்டம் கட்டி, ரிசுக் கடதாசி ஒட்டி, நடுவில் மெழுகுதிரி வைப்பார்கள். காற்றடித்தால் திரி சாயும், ஒரு நிமிடத்தில் கூடு முழுவதும் எரிந்துவிடும். சின்ன வயதில் அதையும் வேடிக்கையாகத்தான் பார்த்தோம்.

ஆனால் கடைகளில் மடித்து விற்கிற, விரித்தால் பந்தாகிற வெள்ளைக் கூடு ஜப்பானிலிருந்து வந்தது. நாகரா ஆற்றங்கரையில் கிஃபு என்று ஒரு நகரம் இருக்கிறது. மல்பெரி வகை மரப்பட்டையில் செய்யும் வாஷி கடதாசிக்கும் மூங்கிலுக்கும் பெயர் போன இடம். அங்கே கூடு செய்யும் முறை அழகானது. முதலில் மரத்துண்டுகளைச் சேர்த்து ஒரு அச்சு. அதன் மேல் நூல் போல மெல்லிய மூங்கிலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோவார்கள். அதற்கு மேல் கடதாசியை ஒட்டிக் காயவிடுவார்கள். காய்ந்ததும் உள்ளே இருக்கும் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி, திறந்திருக்கும் வாயால் வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது காற்றடைத்தது போன்ற ஒரு உருண்டை. அமுக்கினால் தட்டையாகிவிடும்.

1951இல் இசாமு நொகுச்சி என்ற சிற்பி கிஃபுவுக்கு வந்தார். தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர், பிறந்தது 1904இல் லொஸ் ஏஞ்சல்ஸில். யுத்த காலத்தில் அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்களில் அடைத்தபோது, இவர் தானாகவே அரிசோனாவில் இருந்த ஒரு முகாமுக்குப் போய்த் தங்கியவர். இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரராக இருந்து, இரண்டு பக்கத்தாலும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர். இதை வாசிக்கும் நம்மவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஹிரோஷிமாவில் ஒரு பாலத்துக்கான வேலையாகப் போகும் வழியில்தான் கிஃபுவில் இறங்கினார். அந்த நகரத்தின் மேயர், நலிந்துபோன எங்கள் விளக்குத் தொழிலுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். நொகுச்சி மெழுகுதிரியை எடுத்துவிட்டு மின்குமிழை வைத்தார். "அகரி" என்று பெயரிட்டார். ஜப்பானிய மொழியில் வெளிச்சம் என்று பொருள். நூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் செய்தார். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள்தான் உலகம் முழுக்கப் பரவி, இன்று நமது டவுன் கடை வரை வந்து தொங்குகின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நொகுச்சியின் கூட்டில் பல்ப் நடுவில் இருக்கும், கடதாசி தூரத்தில் இருக்கும், மேலும் கீழும் திறந்திருக்கும். சூடு வெளியேற வழி உண்டு. நாம் பஞ்சைச் சுற்றி அடைக்கும்போது அந்த வழியைத்தான் மூடுகிறோம்.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்து மனிதர்கள் பட்ட பாடு பழையது. மேற்கு நாடுகளில் நத்தார் மரத்தில் உண்மையான மெழுகுதிரிகளைக் கொளுத்துவார்கள். பனி போல இருக்கட்டும் என்று பஞ்சையும் தூவுவார்கள். எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜோன்சன் 1882 டிசம்பரில் நியூயோர்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 சின்ன மின்குமிழ்களை எரியவிட்டார். ஆனால் மின்சாரம் பணக்காரர் வீட்டோடு நின்றது. கிராமத்துக்கு மெழுகுதிரிதான்.

1924 டிசம்பர் 24. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பாப்ஸ் சுவிட்ச் என்ற இடத்தில் ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடம். நத்தார் விழாவுக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் நிரம்பியிருந்தார்கள். மரத்திலிருந்து பரிசுகளை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு மெழுகுதிரி காய்ந்த கிளையைப் பற்றவைத்தது. எல்லோரும் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு உள்பக்கமாகத் திறப்பது. கூட்டம் நெருக்க நெருக்கத் திறக்க முடியவில்லை. யாரும் உடைத்துக்கொண்டு வரக்கூடாது என்று யன்னல்களுக்கு இரும்பு வலை அடித்திருந்தார்கள். 36 பேர் இறந்தார்கள். அதில் அந்தப் பள்ளி ஆசிரியையும் ஒருவர். பிறகுதான் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை அங்கே இறுக்கினார்கள்.

இதை வாசித்த பிறகு என் வகுப்பறைக் கதவைப் போய்ப் பார்த்தேன். உள்பக்கமாகத்தான் திறக்கிறது. யன்னலுக்கு வலையும் இருக்கிறது. அதிபரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, எல்.ஈ.டிக்கு வருவோம். இழை பல்ப் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகவே போய்விடும். 60 வாட் பல்பின் கண்ணாடி 100 பாகையைத் தாண்டும். எல்.ஈ.டி அப்படியல்ல. சிவப்பு எல்.ஈ.டி 1962இலேயே வந்துவிட்டது. நீலம்தான் முப்பது வருடம் தண்ணி காட்டியது. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் கிடையாது. அதை ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் அகசாகி, அமானோ இருவரும், தனியார் கம்பனியொன்றில் வேலை செய்த நகமுராவும் சாதித்தார்கள். மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு. நகோயாவுக்கும் கிஃபுவுக்கும் சுமார் முப்பது கிலோமீற்றர்தான். கூடும் குளிர்ந்த வெளிச்சமும் பக்கத்துப் பக்கத்து ஊரில் பிறந்தவை!

அதன் பிறகுதான் பஞ்சு மேகம் சாத்தியமானது. 2013 அளவில் ரிச்சர்ட் கிளார்க்சன் என்ற நியூசிலாந்து வடிவமைப்பாளர் நியூயோர்க்கில் செய்த, சத்தத்துக்கு மின்னுகிற மேக விளக்கு இணையத்தில் பரவியது. விலை நமக்கெல்லாம் எட்டாது. அதைப் பார்த்துத்தான் வீட்டிலேயே செய்யும் முறைகள் வந்தன.

எல்.ஈ.டி என்றாலும் கவனம் தேவை. நேரடியாக மெயின் கரண்டில் போடும் எல்.ஈ.டி பல்பின் அடிப்பகுதி நன்றாகச் சுடும். அதனால் பற்றரியில் எரியும் மணிச்சரம்தான் வேண்டும், அதுவும் பென்டோர்ச் பற்றரி போடுவது. காசு மாதிரித் தட்டையான பற்றரி வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் சில மணித்தியாலத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

பஞ்சைக் கட்டியாக ஒட்டாதீர்கள். விரலால் இழுத்து மெல்லிய இழையாக்கி, சில இடத்தில் தடிப்பாக, சில இடத்தில் கடதாசி தெரிகிற மாதிரி ஒட்டினால்தான் மேகம் மாதிரி இருக்கும். கீழ் வாயை மூட வேண்டாம்.

வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு வகுப்பறையில் செய்வோம். கூடு ஐந்து வாங்கியாயிற்று. மணிச்சரம் இரண்டு குறைகிறது, வீட்டில் இருப்பவர்கள் கொடுத்துவிடுங்கள். குண்டு பல்ப் கேட்ட அந்த வாப்பா கட்டாயம் வர வேண்டும். கூரை உயரம், ஏணி பிடிக்க ஆள் இல்லை.