கம்பி இருந்துச்சு, சொல்லத்தான் ஆளில்லை

நேத்து வீட்ல நாலு மணி நேரம் இண்டர்நெட் இல்லை. லீவுக்கு வந்திருக்கிற பெரியவன் கூண்டுப்புலி மாதிரி உலாத்துறான். "டேய், உங்க ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டு ஆறு வாரம் இல்லாம இருந்திருக்கேன்டா"ன்னேன். நம்பலை. அதான் கொசுவத்திய சுத்த உக்காந்துட்டேன். நடுவுல கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கோங்க :-)

2004 நவம்பர் கடைசி. பினாங்குல எங்க தாமானுக்கு வர்ற டெலிபோன் கேபிளை ராத்திரியோட ராத்திரியா வெட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. உள்ளே இருக்கிற செம்புக்காக. எடைக்குப் போட்டா நல்ல காசாம். அப்போ பிராட்பேண்டும் அதே செம்புக் கம்பியிலதான் வந்துச்சு. ஆக, போனும் போச்சு, நெட்டும் போச்சு. கேட்டா "இன்னும் ரெண்டு நாள்ல சரியாயிடும்"னாங்க. அந்த ரெண்டு நாள் ஆறு வாரம் ஓடுச்சு.

ரங்கமணிக்கு ஆபீஸ்ல நெட் உண்டு. எனக்குத்தான் திண்டாட்டம். ஏழு வயசுல ஒண்ணு, நாலு வயசுல ஒண்ணு. பகல் பூரா நாலு சுவத்துக்குள்ள. அம்மா நாகப்பட்டினத்துல, வெளிப்பாளையத்துல. ஞாயித்துக்கிழமையானா தம்பி அம்மாவ பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போவான். யாஹூ மெசஞ்சர்ல படம் நின்னு நின்னு வரும். அம்மா மைக்குல கத்துற கத்து தெருவுக்கே கேக்கும். எனக்கு ஊர்னா அந்த அரை மணி நேரம்தான்.

அது போனதும் என்னென்னவோ செஞ்சு பாத்தேன். பத்து வெள்ளிக்கு போன் கார்டு வாங்கி, சுரண்டி, அந்த நீள நம்பரைத் தட்டி முடிச்சு, "நல்லாருக்கியாம்மா, சாப்டியா"ங்கிறதுக்குள்ள காசு தீந்துடும். ஊருக்குப் போறவங்க கையில கடுதாசி கொடுத்து விட்டேன். கடைசியில ஒரு பழக்கம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில லிட்டில் இந்தியா போய் காய்கறி வாங்கிட்டு, பதினொன்றரைக்கு அங்க ஒரு சைபர் கஃபே. ஊர்ல அப்போ மணி ஒன்பது. அம்மா வர்ற வரைக்கும் காத்திருக்கிற நேரத்துல, சும்மா இருக்காம, இந்த நாகைக்கும் பினாங்குக்கும் நடுவுல சேதி எப்படித்தான் போய் வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினா, எங்க தாமான் திருடனுக்கு முன்னாடி பெரிய கதையே இருக்கு. கேபிள் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் கப்பல்தான். நாகூர் ஆண்டவர் பேர்லயே பினாங்கு சூலியா தெருவுல ஒரு தர்கா இருக்குன்னா, இந்தப் போக்குவரத்து எவ்வளவு பழசுன்னு பாத்துக்கோங்க. சேதியும் கப்பலோட வேகத்துலதான் வரணும். 1870 கடைசி, 1871 தொடக்கத்துல மெட்ராஸ்லேருந்து வங்கக்கடலுக்கு அடியில பினாங்குக்கும், அங்கேருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் போட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை. உள்ளே செம்புக் கம்பி. கடல் தண்ணி உள்ளே போகாம அதுக்கு மேல சுத்தினது கட்டா பெர்ச்சான்னு ஒரு மரத்துப் பால். அந்த மரம் இந்த மலாயாக் காட்டு மரம்தான்.

ஆனா அந்தக் கம்பி யாருக்கு? சர்க்காருக்கும் பெரிய வியாபாரிகளுக்கும். எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல இங்க வந்து சம்பாதிச்சவர். பாட்டிக்கு மாசத்துக்கு ஒரு கடுதாசி வந்தா அதிகம். கம்பி இருந்தும் சாதாரண ஜனத்துக்கு தந்தின்னா சாவுச் சேதி. தந்திக்காரரைத் தெருமுனையில பாத்தாலே அழ ஆரம்பிச்சிடுவாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. "சாப்டியா"ன்னு கேக்க யாரு தந்தி அடிப்பா? 1981ல மெட்ராஸுக்கும் பினாங்குக்கும் டெலிபோன் கேபிளே வந்துடுச்சு. நாகை வழியா வந்துக்கிட்டிருந்த சிதம்பரம் கப்பல் 1985ல தீப்பிடிச்சதோட நின்னுது. அப்புறம் எல்லாம் பிளேனும் போனும்தான்.

இப்போ அந்த ஞாயித்துக்கிழமை. 2004 டிசம்பர் 26.

அன்னிக்கு மத்தியானம் பத்து ஃபெரிங்கி கடக்கரைக்குப் போறதா பசங்களுக்கு வாக்கு கொடுத்திருந்தேன். எலுமிச்சை சாதம் கட்டியாச்சு. காலையில ஒன்பது மணி வாக்குல அடுக்குமாடியில இருக்கிறவங்க கட்டடம் ஆடுச்சுன்னு சொன்னாங்க. சுமத்ரா பக்கம் நிலநடுக்கமாம். சரின்னு விட்டுட்டோம். பதினொன்றரைக்கு கஃபேயில உக்காந்தேன். அம்மா வரலை. பன்னெண்டு. வரலை. தம்பிக்கு எஸ்எம்எஸ் அடிச்சேன், பதில் இல்லை. பசங்க கடலுக்குப் போகலாம்னு ஒரே நச்சு. ரங்கமணி வாட்சைக் காட்டுறார். "இன்னும் பத்து நிமிஷங்க"ன்னு சொல்லிச் சொல்லியே ஒன்றரை வரைக்கும் உக்கார வச்சிட்டேன். அப்புறம்தான் வெளியே ஒரே சத்தம். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் கடல் உள்ளே வந்துடுச்சுன்னு.

அன்னிக்கு மலேசியாவுல 68 பேர் போனாங்க. அதுல பினாங்குல மட்டும் 52. நாகப்பட்டினம் மாவட்டத்துல 6,000 பேருக்கு மேல.

அப்புறம் கணக்குப் போட்டப்போதான் வயித்தைப் பிசைஞ்சுது. நாகையில அலை அடிச்சது ஊர் நேரம் ஒன்பது மணி வாக்குல, அதாவது பினாங்கு நேரம் பதினொன்றரை. பினாங்குல அடிச்சது ஒரு மணி வாக்குல. பினாங்கு சுமத்ராவுக்குப் பின்னாடி மறைஞ்சு கிடக்கு. மலாக்கா ஜலசந்தியில ஆழமும் கம்மி. ஆழமான வங்கக்கடல்ல ஜெட் வேகத்துல போன அலை, இந்தப் பக்கம் சுத்தி மெதுவா வந்திருக்கு. ஊரே மூழ்கின சேதி நாகையில இருக்கு. ஒன்றரை மணி நேரம் கையில இருக்கு. நடுவுல கேபிள் இருக்கு, சாட்டிலைட் இருக்கு. சொல்லத்தான் யாரும் இல்லை.

ஒருத்தருக்குமே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் மூழ்குதுன்னு எட்டு மணிக்கு முன்னாடியே மெட்ராஸுக்குத் தகவல் வந்திருக்கு. டெல்லிக்குப் போன ஃபேக்ஸ் ஒண்ணு, பதவியில இல்லாத பழைய அமைச்சர் வீட்டுக்குப் போயிடுச்சு. பசிபிக்குக்கு ஹவாயில எச்சரிக்கை மையம் இருந்துச்சு, நம்ம கடலுக்கு அப்படி ஒரு ஏற்பாடே இல்லை.

அம்மா? திங்கக்கிழமை ராத்திரி தம்பியோட எஸ்எம்எஸ் வந்துச்சு. தஞ்சாவூர்ல இருக்கோம், அம்மா நல்லா இருக்காங்கன்னு. பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பி தெருவுக்கு வந்தப்போ, கடக்கரைப் பக்கமிருந்து ஜனம் ஓடி வந்திருக்கு. இவங்களும் திரும்பி ஓடியிருக்காங்க. அக்கரைப்பேட்டையிலேருந்து எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா அப்புறம் வரவேயில்லை.

வீட்ல நெட் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனைக்கிறேன். அம்மா வரலைன்னா பொட்டியை மூடிட்டு கடலுக்குப் போயிருப்போம். மெனக்கெட்டு வந்து, காசு கொடுத்து உக்காந்ததாலதான் எழுந்திரிக்க மனசு வரலை. இதைப் புண்ணியம்னு சொல்லவும் வாய் வரலை. அந்த மீன்கார அக்காவுக்கு யாரு காத்திருந்தா?

ஜனவரியில எங்க கம்பியைச் சரி பண்ணிட்டாங்க. 2007 அக்டோபர்ல ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு. 2011ல இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா சேந்து இந்தியப் பெருங்கடல் முழுக்க எச்சரிக்கை கொடுக்கிற பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க.

2012 ஏப்ரல் 11, சாயங்காலம். சுமத்ராவுல திரும்பவும் பெரிய நிலநடுக்கம், 8.6. டிவியில எச்சரிக்கை ஓட ஆரம்பிக்குது. அதுக்குள்ள கைப்பேசி அடிக்குது. அம்மா. ஹலோ கூட சொல்லலை.

"ஏய், புள்ளைங்க எங்கடி இருக்கு? கடக்கரைப் பக்கம் போயிடாத, சொல்லிட்டேன்."

அன்னிக்குப் பெரிய அலை எதுவும் வரலை. அம்மா மட்டும் ராத்திரி வரைக்கும் அரை மணிக்கு ஒருக்கா போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஒரு தடவை கூட நான் எடுக்காம இருக்கலை.