வசனகர்த்தா ஸ்ரீதர் டைரக்டரான கதை

போன வாரம் 'கல்யாண பரிசு' மறுபடியும் பார்த்தேன். 1959ல் வந்த படம். ஸ்ரீதர் டைரக்ட் செய்த முதல் படம். அப்போ அவருக்கு வயசு 25தான்!

அதுக்கு முன்னாடி கதை, வசனம் மட்டும்தான். அவர் கதை 'ரத்த பாசம்' 1954ல் படமாச்சு. அப்புறம் 'எதிர்பாராதது', 'அமரதீபம்', 'உத்தம புத்திரன்'. எழுதியது இவர், இயக்கியது வேறு ஆட்கள்.

ஹாலிவுட்டில் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ்னு ஒரு திரைக்கதாசிரியர். நானே டைரக்ட் பண்ணணும்கிற நிபந்தனையோட தன் கதையை வெறும் 10 டாலருக்குக் கொடுத்தார். படம் 1940ல் வந்தது. நம்மாளு வேற ரூட். நண்பர்களோட சேர்ந்து வீனஸ் பிக்சர்ஸ் தொடங்கி, முதலாளிகளில் ஒருத்தரான பிறகுதான் டைரக்டர் நாற்காலி.

அப்போ வசனத்துக்கே கைதட்டல் விழுந்த காலம். 'பராசக்தி' வந்து 7 வருஷம்தான் ஆகியிருந்தது. வசனகர்த்தா டைரக்டரானா கிளைமாக்ஸில் பக்கம் பக்கமா பேச விட்டிருக்கணும் இல்லையா? இவரோ, குழந்தையைக் கல்யாணப் பரிசா கொடுத்துட்டு ஜெமினியை நடக்க விட்டுட்டார். (இன்னும் பார்க்காதவங்க மன்னிக்கணும்.) 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இன்னும் ஒருபடி மேலே. கிட்டத்தட்ட முழுக்கதையும் ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள. பாதி வேலையை வின்சென்ட் கேமராவே பார்த்துக்கும்.

இன்னொண்ணு. 'கல்யாண பரிசு'ல தங்கவேலு, பொண்டாட்டிகிட்ட 'எழுத்தாளர் பைரவன்' நான்தான்னு புளுகுவார். எழுதியே பொழைச்ச மனுஷன், முதல் படத்திலேயே எழுத்தாளர் பந்தாவை இப்படி ஓட்டியிருக்கார். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பதிவு போடற எனக்கு அந்த சீன் வரும்போதெல்லாம் லேசா உறுத்தும் :-)