நூறு மணி ஜெபமாலை
நயின் சிங் பண்டிதர் திபெத்து யாத்திரைக்கு ஆயத்தமான வரலாறு

ஜெபமாலையில் நூற்றெட்டு மணிகள் இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சிறுபிள்ளையும் அறிந்த செய்தி. திபெத்துப் பௌத்தர்களும் அதே எண்ணிக்கையைத்தான் போற்றுகிறார்கள். ஆனால் 1865ஆம் ஆண்டில் நேபாளத்து வழியாகத் திபெத்துக்குள் புகுந்த ஒரு மனிதரின் கையில் இருந்த மாலையில் நூறு மணிகளே இருந்தன. குறைந்துபோன எட்டு மணிகளை எவரேனும் கவனித்திருந்தால் அவர் உயிரோடு ஊர் திரும்பியிருப்பாரோ என்பது ஐயம். எவரும் கவனிக்கவில்லை. ஜெபம் பண்ணுகிறவனை இடைமறித்து, உன் மாலையில் எத்தனை மணி என்று கேட்பது எந்தச் சமயத்தாருக்கும் வழக்கமன்று. அந்த மரியாதையை நம்பியே அவருடைய யாத்திரை முழுவதும் திட்டமிடப்பட்டிருந்தது.

அவர் பெயர் நயின் சிங். இமாலயத்தின் குமாவுன் பகுதியில், ஜோஹார் பள்ளத்தாக்கிலுள்ள மிலாம் என்ற கிராமத்தில் 1830இல் பிறந்தவர். அக்கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தமையால் 'பண்டிதர்' என்று அழைக்கப்பட்டார். அவரை மலைக்கு அப்பால் அனுப்பியது இந்திய நில அளவைத் திணைக்களம்.

இந்தத் திணைக்களத்தின் பெரும் முக்கோண அளவை தொடங்கிய இடம் நமக்குத் தூரத்து இடமன்று. 1802இல் சென்னைக்கு அடுத்த பரங்கிமலைப் பக்கத்தில்தான் வில்லியம் லாம்டன் என்பவர் தம் முதல் அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். அவரிடமிருந்த கோணம் அளக்கும் கருவியின் பாரம் அரைத் தொன். அதனை 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரம் கூடாரத்துக்குள் இருந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். அப்படித் தெற்கிலிருந்து புறப்பட்ட அளவை, அரை நூற்றாண்டு கழிந்தபின் இமாலயத்தின் அடிவாரத்தில் வந்து நின்றுவிட்டது. திபெத்தின் வாயில் வெள்ளையருக்கு அடைக்கப்பட்டிருந்தது. மத்திய ஆசியாவின் பிற பகுதிகளும் அவர்களுக்குப் பாதுகாப்பானவை அல்ல. அடொல்ஃப் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜேர்மானிய ஆய்வாளர் 1857இல் கஷ்காரில் தலை வெட்டப்பட்டு மாண்டார். அவருடைய சகோதரர்களோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் நயின் சிங்குக்கு உண்டு. ஆகவே, தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதை அறியாமல் அவர் உடன்படவில்லை.

வெள்ளையர் போக முடியாத இடத்துக்கு எல்லைப்புற மக்களைப் பயிற்றி அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் கப்டன் மொன்ட்கோமரி. முதலில் அப்துல் ஹமீத் என்ற முன்ஷி 1863இல் யார்க்கந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்தார், அளந்தார், திரும்பும் வழியில் மலையிலேயே உயிர் நீத்தார். அவருடைய குறிப்புகள் மட்டும் மீண்டு வந்தன. அந்தக் காலத்திலேதான் நயின் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார்கள்.

பயிற்சியில் முதற்பாடம் நடை. ஏற்றமானாலும் இறக்கமானாலும் சமதரையானாலும் ஒவ்வொரு எட்டும் ஒரே நீளமாக விழ வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் எட்டுக்கு ஒரு மைல். வாசகர்கள் இதைத் தம் ஊர் வீதியிலே ஒரு நாள் செய்து பார்க்கலாம். காலில் ஒரு முள் தைத்தாலும், எதிரே தெரிந்தவர் ஒருவர் வந்தாலும் எட்டின் நீளம் மாறிவிடும். பதினாறாயிரம் அடி உயரத்தில், கடல் மட்டத்திலிருப்பதில் பாதியளவே சற்று மிஞ்சிய காற்றில், மூச்சிரைக்க ஏறும்போது மாறாமல் வைத்திருப்பதென்றால் அது உடம்பிலே ஊறிப்போயிருக்க வேண்டும். அதற்காகவே மாதக்கணக்காக அவர்கள் நடத்தப்பட்டார்கள். நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் எட்டு. அஃதாவது ஏறக்குறைய ஐந்து மைல். பத்தாவது மணி ஒவ்வொன்றும் பெரிதாய் இருந்தமையால் இருட்டிலும் விரலே கணக்கைச் சொல்லும். மாலை நூறாகக் குறைந்த காரணம் இதுதான்.

மற்றக் கருவிகளும் இவ்வாறே வேடம் பூண்டன. பௌத்தர் கையிற் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக வெற்றுக் காகிதம் வைக்கப்பட்டது. அதிலேதான் தூரமும் திசையும் எழுதப்பட்டன. வெப்பமானி ஊன்றுகோலின் பொந்துக்குள் இருந்தது. நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்று, பெட்டியின் பொய் அடித்தட்டுக்குள் இருந்தது. கடலிலே மாலுமிக்குத் தொடுவானம் கண்ணுக்குத் தெரியும். மலைகளுக்கு நடுவே அது தெரியாது. ஆகவே பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அசையாத அந்தக் கண்ணாடியில் விழும் நட்சத்திரத்தின் பிம்பத்துக்கும் வானத்து நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை அளந்து பாதியாக்க வேண்டும். அந்தப் பாதரசம் சோழிகளுக்குள் அடைக்கப்பட்டுப் பயணம் செய்தது; கிண்ணமோ, எந்தத் திபெத்தியனும் தேநீர் குடிக்க மடியில் வைத்திருக்கும் மரக்கிண்ணம்.

உயரத்தை அளக்கும் முறை இன்னும் எளிது. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய ஐந்நூறு அடிக்கு ஒரு பரன்ஹைட் பாகை குறையும். கொதிக்கும் கேத்தலுக்குள் வெப்பமானியைப் பிடித்தால் மலையின் உயரம் தெரிந்துவிடும். இதே காரணத்தால் அங்கே பருப்பு லேசில் வேகாது. அதனால்தான் திபெத்தியர் வறுத்த வாற்கோதுமை மாவைத் தேநீரில் பிசைந்து உண்கிறார்கள். அதற்குச் சம்பா என்று பெயர். நம்முடைய சம்பா அரிசிக்கும் அதற்கும் உறவில்லை.

உடம்பைக் குளிருக்கும் உயரத்துக்கும் பழக்க வேண்டிய அவசியம் நயின் சிங்குக்கு அதிகம் இருக்கவில்லை. மிலாம் கிராமமே பதினோராயிரம் அடிக்கு மேலே இருந்தது. அவ்வூரார் பரம்பரையாகக் கணவாய்களைக் கடந்து திபெத்தியரோடு வியாபாரம் செய்தவர்கள். பாஷையும் வழக்கமும் அவருக்குத் தெரியும். இக்காலத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கு வைத்தியர்கள், பத்தாயிரம் அடிக்கு மேலே நாளுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு அடிக்கு மேற்படாமல் படுக்கும் இடத்தை உயர்த்துங்கள் என்று புத்தி சொல்கிறார்கள். சாமரைக்கு மயிர் தரும் கவரி எருதின் வேகத்தில் நகரும் வணிகர் கூட்டத்தோடு போனவருக்கு அந்த நிதானம் தானாகவே கிடைத்தது. டேராடூனில் கற்றுக்கொடுக்க முடியாத பாடம் இதுவே என்பேன். கருவிகளைத் திணைக்களம் கொடுக்கலாம். மிலாமின் பல தலைமுறைப் பழக்கத்தை அது கொடுத்திருக்க முடியாது.

ஆயத்தம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் வழி தன் இஷ்டப்படியே நடத்தியது. முதல் முறை எல்லைக் காவலர் அவர்களை நம்பாமல் திருப்பிவிட்டார்கள். மணி சிங் பின்வாங்கினார். நயின் சிங் வேடத்தை மாற்றி, வேறு வணிகரோடு சேர்ந்து உட்புகுந்தார். இரவில் கருவியின் எண்களைப் படிப்பதற்கென ஒரு நல்ல லாந்தர் கொண்டுபோயிருந்தார். விற்பனைக்கு என்று அவர் சொல்லி வைத்திருந்ததால், தாடம் மடத்து அதிகாரிகள் சிலர் அதில் ஆசைப்பட்டபோது மறுக்க முடியாமல் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. அதற்குப்பின் எண்ணெய்த் திரியே துணை. காற்று அதை அணைத்துவிட்ட இரவுகளில் கருவியை அசைக்காமல் மூடி வைத்து, விடிந்தபின் எண்ணைப் படித்துக்கொண்டார்.

1866 சனவரி 10ஆம் திகதி லாசாவை அடைந்தார். கையிற் பணம் தீர்ந்தபோது அங்கிருந்த நேபாள வணிகருக்குக் கணக்கு எழுதக் கற்பித்துச் சீவித்தார். ஆசிரியத் தொழில் அங்கேயும் சோறு போட்டது. காஷ்மீர முஸ்லிம் வணிகர் இருவர் அவர் யாரென்று கண்டுகொண்டார்கள்; ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. உத்தரவின்றி நகருக்குள் நுழைந்தவன் என்று சீனன் ஒருவன் பகிரங்கமாகத் தலை வெட்டப்பட்டதை அவர் கண்டதாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் வெளியில் உலாவுவதையே குறைத்துக்கொண்டாராம். லாசாவின் அகலக்கோடு 29 பாகை 39 கலை என்று அவர் கண்டது இன்றைய கணக்கோடு ஒத்துப்போகிறது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் டேராடூனுக்குத் திரும்பியபோது சுமார் ஆயிரத்திருநூறு மைல் அவருடைய மாலையில் எண்ணப்பட்டிருந்தது; எட்டுக்கணக்கில் ஏறத்தாழ இருபத்துநான்கு இலட்சம்.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் அளவைக் குறிப்பை வைத்தது சரிதானா? அவரை வணிகர் என்றும் பக்தர் என்றும் நம்பி வழிவிட்டவர்கள் திபெத்து மக்கள். இப்படி வரைந்த படங்கள் ஓர் ஏகாதிபத்தியத்தின் கையில் இருந்தன. 1904இல் யங்ஹஸ்பண்டின் படை லாசாவுக்குள் புகுந்தது. அவரைப்போல் பின்பு போன சரத் சந்திர தாஸுக்கு இடங்கொடுத்த செங்சென் லாமா 1887இல் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். நயின் சிங்கின் உறுதியை வியக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அந்த லாமாவை நினைக்கும்போது என் வியப்புச் சற்றுத் தடுமாறுகிறது.

1874-75இல் அவர் லேயிலிருந்து லாசா வழியாக அசாம் வரை நடந்ததே கடைசிப் பெரும் பயணம். 1877இல் இலண்டன் அரச புவியியற் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அறிக்கைகளில் அவர் 'பண்டிதர்' என்று மட்டுமே குறிக்கப்பட்டார். உயிர்ப் பாதுகாப்புக்காகப் பெயர் மறைக்கப்பட்டது.

அவருக்குப் பின்னே போனவர்களில் அவருடைய உறவினர் கிஷன் சிங்கும் ஒருவர். 1878இல் புறப்பட்டு நான்கு ஆண்டுகள் திபெத்திலும் மொங்கோலிய எல்லையிலும் திரிந்த அவர், கொள்ளையருக்கு அஞ்சிய ஒரு கூட்டத்தோடு போகையில் குதிரையில் ஏறவேண்டி வந்தது. இறங்கி நடந்தால் சந்தேகம். நடவாவிட்டால் அளவு கெடும். அவர் சேணத்தில் அமர்ந்தபடியே மாலையைக் கையில் எடுத்து, குதிரையின் வலது முன்கால் விழுவதை எண்ணத் தொடங்கினார்.