ஊரடங்கின் ஐந்தொகை

கொழும்பில் வாழ்ந்த என் தலைமுறைத் தமிழருக்கு 'ஊரடங்கு' என்ற சொல் நோயை நினைவூட்டியதில்லை; 1983 யூலையைத்தான் நினைவூட்டியது. அதே சொல் 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு, நோய்த்தடுப்பு நடவடிக்கையாக நாடு முழுவதற்கும் வந்தது. அதனால் விளைந்த நன்மை என்ன, அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

கொம்பனித்தெரு அதற்குப் பொருத்தமான இடம். ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த, பேரை வாவி சூழ்ந்த நிலம் அது. ஆங்கிலேயர் அதை அடிமைத் தீவு என்றே அழைத்தனர். இன்று வானளாவிய மாடிகளும் அவற்றின் நிழலிலேயே ஒற்றை அறை வீடுகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. 'வீட்டிலேயே இருங்கள்' என்ற ஒரே கட்டளைக்கு அவ்விரு கூரைகளின் கீழும் ஒரே பொருள் இருக்க முடியாது.

முதலில் வரவைப் பார்ப்போம். 2020 யூன் 28 இல் ஊரடங்கு முற்றாக நீக்கப்பட்டபோது, இலங்கையில் கொரோனாவுக்குப் பலியானோர் 11 பேர் மட்டுமே. தடுப்பூசி என்பதே இல்லாத காலத்தில் இது சிறிய சாதனையல்ல.

இனிச் செலவு. கொழும்பில் மே 26 வரை, இரு மாதங்களுக்கு மேல், ஊரடங்கு நீடித்தது. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது. நாட்கூலிக்காரனுக்கு அது எத்தனை நாளைக்குப் போதும்? மே 21 ஆம் திகதி மாளிகாவத்தையில், நோன்புக் காலத் தானமாக ஒருவர் வழங்கிய பணத்தைப் பெறத் திரண்ட கூட்டத்தில் நசுங்கி மூன்று பெண்கள் இறந்தனர். கொரோனா மரணப் பட்டியலில் அவர்கள் இல்லை. ஆயினும் ஊரடங்கின் ஐந்தொகையில் அவர்களைச் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது.

ஊரடங்கை மீறியதாக 60,000க்கும் அதிகமானோர் கைதாகினர். அந்த ஊரடங்குக்குச் சட்ட அடிப்படை உண்டா என்று சட்டத்தரணிகள் வினவினர். மார்ச் 2 இல் கலைக்கப்பட்ட பாராளுமன்றமோ ஓகஸ்ட் 20 வரை கூடவேயில்லை. கேள்வி கேட்க வேண்டிய சபை மூடிக்கிடந்ததையும் நான் செலவுப் பக்கத்திலேயே எழுதுவேன்.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தது. நவம்பரில் மேல் மாகாண ஊரடங்கு தளர்ந்த பின்னரும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி போன்ற நெருக்கமான பகுதிகள் பூட்டப்பட்டே கிடந்தன. சோனகரும் மலாயரும் தம் உறவினரைப் புதைக்கவும் அனுமதியில்லை. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை ஏற்றிருந்தும், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை எரிப்பு மட்டுமே சட்டமாயிருந்தது. இச்செலவுக்கு எதிரே எழுத எந்த வரவும் எனக்குத் தென்படவில்லை.

2021 இல் தராசு மறுபக்கம் சாய்ந்தது. பொருளாதாரம் தாங்காது என்று காட்டிய தயக்கத்தின் பின், ஓகஸ்ட் 20 இல்தான் மீண்டும் ஊரடங்கு வந்தது. அம்மாத இறுதியில் நாளாந்த மரணங்கள் 200ஐத் தாண்டின. அவ்வாறு காக்க முயன்ற பொருளாதாரமும் தப்பவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதற்கு ஊரடங்கை மட்டும் குற்றஞ்சாட்டுவோர் 2019 இன் வரிக்குறைப்பையும் 2021 இன் இரசாயன உரத் தடையையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எனது கணிப்பு இதுதான்: முதல் ஊரடங்கு அவசியமானது, மூன்றாவது தாமதமானது. இரண்டிலும் தவறிய கணக்கு ஒன்றே. நன்மை நாடு முழுவதற்கும் பொதுவாயிருந்தது. விலையை மட்டும் அன்றாடங்காய்ச்சிகள் செலுத்தினர். அடுத்த தொற்று வரும்போது எத்தனை நாள் அடைப்பது என்று கேட்குமுன், அடைபட்டவரின் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு அரசு விடை வைத்திருக்க வேண்டும்.