பொடிக்கு வந்த இரண்டு வழக்குகள்

பச்சைப்பயறு மாவு இரண்டு கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கொஞ்சம் தயிர். குழைத்து முகத்தில் பூசி, காயத் தொடங்கியதும் கழுவிவிட வேண்டும். நம் வீடுகளில் பாட்டி சொல்லி அம்மா செய்வது இது. "இதுல என்ன சார் வரலாறு இருக்கு?" என்று மாணவர் கேட்கலாம். இருக்கிறது. பொடிக்காக இரண்டு வழக்குகளே நடந்திருக்கின்றன. ஒன்று காப்பியத்தில், மற்றொன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில். இரண்டையும் தீர்த்து வைத்தது சான்று.

பூசவும் குளிக்கவும் பயன்பட்ட மணப்பொடியைப் பழந்தமிழர் 'சுண்ணம்' என்றனர். (மாணவர்கள் இதைச் சுண்ணாம்பு என்று எழுதிவிடக் கூடாது!) மதுரையின் கடைத்தெருவில் சுண்ணம் விற்றவர்களை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. பெண்கள் கூடிப் பாடிக்கொண்டே பொடி இடிக்கும் வழக்கத்தை வைத்து மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணம் பாடினார். இன்றைய நலங்கு மாவும் இந்த மரபில் வந்ததே. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும்.

முதல் வழக்கு சீவக சிந்தாமணியில் வருகிறது. குணமாலை, சுரமஞ்சரி இருவரும் தோழியர். யாருடைய சுண்ணம் சிறந்தது என்று இருவருக்கும் போட்டி. தீர்ப்புக்காக இரண்டு சுண்ணங்களும் சீவகனிடம் வந்தன. குணமாலையின் சுண்ணமே உயர்ந்தது என்றான் அவன். "நீங்க சொன்னா ஆச்சா?" என்பது போலச் சுரமஞ்சரியின் தரப்பு ஏற்க மறுத்தது. உடனே இரண்டு பொடிகளையும் காற்றில் தூவினான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே மொய்த்தன. மற்றது மழைக்காலத்தில் செய்தது, அதனால்தான் மணம் குறைந்தது என்று காரணமும் சொன்னான். புலவர் திருத்தக்கதேவர் இங்கே ஒரு சோதனையையே நடத்திக் காட்டுகிறார்.

இரண்டாவது வழக்கு நம் காலத்தில் நடந்தது. மஞ்சளைக் காயம் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. காப்புரிமை என்றால் ஒரு புதிய கண்டுபிடிப்புக்குத் தரப்படும் தனியுரிமை. காயத்துக்கு மஞ்சள் வைப்பது புதுசா? இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 1996இல் மறு ஆய்வு கோரியது. அப்போது அதன் தலைமை இயக்குநர் ரகுநாத் மஷேல்கர். "எங்க பாட்டி காலத்துலேருந்து செய்றோம்" என்ற சொல் அங்கே போதவில்லை. எழுத்துச் சான்று வேண்டியிருந்தது. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களிலிருந்தும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்தும் ஆதாரங்கள் வைக்கப்பட்டன. 1997இல் காப்புரிமை ரத்தானது.

இந்த அனுபவத்தின் விளைவாக 2001இல் இந்தியாவில் மரபு அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. சித்த மருத்துவ முறைகளும் அதில் சேர்க்கப்பட்டு, உலகக் காப்புரிமை அலுவலர்கள் படிக்கக்கூடிய மொழிகளில் பதிவாகியுள்ளன.

இனி மூன்றாவது வழக்கு. அது நம் வீட்டில் இருக்கிறது. தோட்டத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியபோது உரலும் உலக்கையும் பல குடும்பங்களோடு வரவில்லை. 'ஒரு கை', 'ஒரு சிட்டிகை' என்ற அளவுகள் பாட்டியின் கையிலேயே நின்றுவிட்டன. எழுதாத அறிவுக்கு யார் சாட்சி சொல்வது?

எழுதினால் மட்டும் போதாது. சீவகனைப் போலச் சோதிக்கவும் வேண்டும். பயறு மாவு முகத்து எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கும். அதனால் முகம் தெளிவாகத் தெரியும். ஆனால் நிறத்தை மாற்றாது. 'இயற்கை' என்பதாலேயே எல்லார் தோலுக்கும் ஒத்துப்போகும் என்றும் சொல்ல முடியாது. முதலில் முன்கையில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். பொடியை நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். வெட்டிவேர்த் துகள் தோலைக் கீறும். சீவகன் சொன்ன மழைக்காலக் குறை நம் நாட்டுக்கு ஆண்டு முழுதும் பொருந்தும்: ஈரம் பட்ட பொடியில் பூஞ்சணம் பிடிக்கும். குழைத்ததை அன்றே பயன்படுத்துங்கள். சீழ் வைத்த பருவுக்குப் பொடி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

வகுப்பறை நடவடிக்கை

1. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, ஒரு பொடியின் பெயர், சேர்மானம், அளவு, செய்முறை, அவருக்குச் சொல்லித்தந்தவர் ஆகியவற்றை எழுதுக. கை அளவைக் கிராமில் நிறுத்துக் குறிக்கவும்.

2. மலாய் நண்பரின் வீட்டில் பெடாக் செஜுக் செய்யும் முறையைக் கேட்டறிக. அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்துக் காயவைக்கும் அந்தப் பூச்சை நம் நலங்கு மாவுடன் ஒப்பிடுக.

3. 'மரபு அறிவுக்கு எழுத்துச் சான்று ஏன் தேவை?' மேற்கண்ட இரு வழக்குகளையும் காட்டி 150 சொற்களில் கட்டுரை எழுதுக.

ஆசிரியர்கள் மாணவர்களின் பதிவுகளைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். நாளை யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட ஓர் ஏடாவது இருக்கும்.