செத்த காலேஜ், உயிர் காலேஜ்: பிள்ளைகளோடு ஊர் சுற்றும் உரிமை

விடுமுறை விட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? சென்னையில் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். பீச், ஜூ, பார்க் என்று பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த இடங்களுக்கு யார் தன் பிள்ளையின் கையைப் பிடித்துப் போக முடியும் என்பதற்கு நம் மக்களின் அரசியலோடு சேர்ந்த ஒரு வரலாறு உண்டு.

இரட்டைமலை சீனிவாசனிடமிருந்து தொடங்கலாம். 1939இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சில வரிகள்தான் இருக்கின்றன. சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு விட்டதும் யாரும் தன்னை எட்டிப் பிடிக்காதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்பதை எண்ணி எண்ணி மனம் கலங்கியதையும், முதுமையில் உட்கார்ந்து அவர் எழுதுகிறார். வட்டமேசை மாநாடுவரை போய்வந்த மனிதருக்கு அந்த வயதிலும் மறக்காத விஷயம், விளையாடாமல் போன விளையாட்டு!

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அது நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையானது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றுக்காக அந்த ஆணையை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது: பொதுமக்கள் கூடும் இடங்கள். சாதி இந்துக்களுக்கு எந்த அளவு உரிமையோ, அதே அளவு நம்மவர்களுக்கும் அங்கே உண்டு என்றது ஆணை. பிற்பாடு அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவும், குளம், சாலையோடு பொதுமக்கள் கூடும் இடங்களையும் பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. குடிக்கிற தண்ணீருக்குச் சமமாகக் காற்று வாங்கப் போவதையும் உரிமைப் பட்டியலில் வைத்தார்கள். "பீச்சுக்குப் போறதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்?" என்று கேட்கிறவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

கிராமத்தில் தெருமுனையில் நிறுத்திச் சாதி கேட்டார்கள். பெருநகரம் அப்படிக் கேட்பதில்லை, தூரத்தை வைத்துத் தள்ளிவிடும்.

பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், உயிரியல் பூங்காவை 'உயிர் காலேஜ்' என்பார்கள். பாடம் செய்த விலங்குகள் இங்கே, உயிருள்ளவை அங்கே. 1855இல் எட்வர்டு பால்ஃபோர் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கிய விலங்குக்காட்சி, பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. ஆளுநர் டிரவெல்யன் காலத்தில் உருவான அந்தப் பூங்கா நூறு ஏக்கருக்கும் மேல். சூளை, பெரியமேடு, புளியந்தோப்பு என்று உழைக்கும் மக்களின் பேட்டைகள் சுற்றிலும். பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடந்தே வந்து புலியைக் காட்டிவிட்டுப் போகலாம்.

அந்தப் பூங்காவை நகரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் எல்லாமே அந்த நிலத்தில்தான் எழுந்தன. 1985இல் உயிர் காலேஜ் வண்டலூரில் திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு நல்லதுதான், அதில் நமக்குச் சண்டை இல்லை. புளியந்தோப்புப் பிள்ளைக்குத்தான் புலி முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

பிறகு பிள்ளைகளையே தள்ளிக்கொண்டு போனார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதுதான் பெரிதும் நடந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்தின் தென்கோடிக்கு ஏற்றி இறக்கினார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். கூவம் கரையிலிருந்து மெரினாவுக்கு நடந்து போன பிள்ளைக்கு இப்போது நீண்ட பேருந்துப் பயணம். 2021இல் வந்த பெண்களுக்கான இலவசப் பயணம் அம்மாக்களுக்குப் பெரிய உதவி, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் அப்பாவுக்கு டிக்கெட், பெரிய பிள்ளைகளுக்கு டிக்கெட், போய்வர அரை நாள். 2024இல் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தபோது நுழைவுக் கட்டணமே பெரியவர்களுக்கு 100, சிறுவர்களுக்கு 50 ரூபாய். இரண்டு பிள்ளைகளோடு போகிற ஒரு குடும்பம், ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்கும் முன்பே முந்நூறு ரூபாயை எடுத்து வைக்க வேண்டும்.

அதனால்தான் காணும் பொங்கல் நமக்கு முக்கியம். அன்று மட்டும் மெரினா முழுக்க நம் ஜனம். தூக்குவாளியில் புளிசாதம், மணலில் விரித்த பழைய புடவை, காணாமல் போனால் கண்டுபிடிக்க போலீசார் கட்டிவிட்ட அட்டையோடு ஓடும் பொடிசுகள். அலையில் கால் நனைக்க விடாமல் குறுக்கே தடுப்புக்கட்டை. மறுநாள் செய்தியில் வருவதோ குவிந்த குப்பை எத்தனை டன் என்பது. வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்தக் குப்பையை விடிவதற்குள் வாருவதும் நம் வீட்டு அம்மாக்கள்தான்.

மாலை வகுப்பு நடத்தும் மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க் ஸ்டேஷனில் இறக்கி, பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். பார்க் எங்கே என்று அவர்களே கேட்பார்கள். பீப்பிள்ஸ் பார்க் கதையைச் சொல்லிக்கொண்டே எழும்பூர்ப் பக்கம் நடங்கள். செத்த காலேஜ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.